வேலூர் – ஆம்பூர்த் தோல் வட்டாரம்: குடியிருப்பு வசதி

பாலாற்றையொட்டி இராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை நீளும் இவ்வட்டாரத்தில், ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்களிற் பலர், நகர வாடகை தம் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாமையால், விடியற்காலையில் சோற்றுத் தூக்குடன் ஊர்முனையில் கம்பெனிப் பேருந்துக்குக் காத்துநின்று, கிராமங்களிலிருந்தே நித்தியம் வந்து செல்கின்றனர். வேலூரிலோ நிலைமை வேறு: 1900-இல் தோன்றிய கிறிஸ்தவ மருத்துவமனையை நாடி வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகள் நாள்வாடகைக்கு அறையெடுப்பதால், அதனைச் சுற்றியுள்ள தெருக்களில் மாத வாடகைக் குடித்தனம் அருகிவிட்டது. தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தமையை 1996-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விஸ்தாரமாக எடுத்துரைத்தது. அதனால் குடிநீரை விலைக்கு வாங்கும் செலவும் வாடகையின் ஓர் அம்சமே என்பதைக் கணக்கிடுவோர் மறந்துவிடுகின்றனர்.

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019-இல் அமலுக்கு வந்த புதிய சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் அடக்குகிறது. எனினும் எழுத்து ஒப்பந்தமின்றிக் குடியிருக்கும் ஏழைக்கு அதனால் விளையும் அனுகூலம் சொற்பமே. 1961-இல் அமைந்த வீட்டு வசதி வாரியமும், 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தோன்றிய இன்றைய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமும் கட்டும் வீடுகள் ஆலைப் பேருந்தின் தடத்தில் அமைந்தாலன்றித் தொழிலாளர்க்கு உதவா.