பெயரில்லாத வயலின்கள்

இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடங்களில் நான் கேட்ட மேற்கத்திய இசை பெரும்பாலும் லிஃப்ற்றிலும் சுப்பர் மார்க்கெற்றிலும் ஒலித்ததுதான். அதை யார் வாசித்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. காதில் விழவேண்டும், கவனத்தில் நிற்கக்கூடாது என்பதற்காகவே செய்யப்பட்ட மெல்லிசை அது. அதற்கும் றொக் இசைக்கும் ஜென்மப்பகை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அப்படியல்ல என்பதற்கு 1966இல் லண்டனில் வெளிவந்த ஓர் இசைத்தட்டு சாட்சி.

'ருடேய்ஸ் பொப் சிம்பனி' என்பது அதன் பெயர். வாசித்தது 'அறன்பீ பொப் சிம்பனி ஓர்கெஸ்ட்ரா'. 'ஆர் அன்ட் பி' என்பதை விரைவாகச் சொல்லிப் பார்த்தால் இந்தப் பெயரின் சூட்சுமம் விளங்கும். இசைத்தட்டுக்காகவே சூட்டப்பட்ட பெயர் அது. நெறியாள்கை என்று போடப்பட்டிருந்தது றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் கிற்றார்க்காரர் கீத் றிச்சர்ட்ஸின் பெயர். அப்போது அவருக்கு வயது 22. இசைக்குறிப்பு எழுதப் பயின்றவரல்ல. தமது குழுவின் 'பிளே வித் ஃபயர்', பீற்றில்ஸின் 'வீ கான் வேர்க் இற் அவுட்', சொனி-ஷேரின் 'ஐ கொட் யூ பேப்' போன்ற பாடல்கள் அதிலே பாட்டில்லாமல் வாத்திய இசையாக வந்தன.

இதற்குப் பின்னால் நின்றவர் அன்ட்ரூ ஓல்ட்ஹாம். 1963இல் தமது 19ஆவது வயதில் ஸ்ரோன்ஸின் முகாமையாளரானவர். பெற்றோர் அஞ்சும் முரட்டுப் பிள்ளைகளாக அந்தக் குழுவை விளம்பரப்படுத்தியவரே, அதே பாடல்களைப் பெற்றோரும் அஞ்சாமல் கேட்கக்கூடிய வடிவில் விற்கவும் முயன்றார். அந்தச் சந்தை ஏற்கெனவே இருந்தது. வெனிஸில் 1905இல் பிறந்து, சிறுவனாக இங்கிலாந்துக்கு வந்த மன்ரோவானி 1951இல் 'ஷார்மெய்ன்' மூலம் பெரும்புகழ் பெற்றிருந்தார். ஆனால் அருவிபோல் விழும் அந்த வயலின் ஒலியை அமைத்தவர் றொனல்ட் பின்ஜ். ஒலிக்கு நிலைத்த பெயர் மன்ரோவானியினுடையது.

சமைப்பவரின் பெயர் உணவகப் பலகையில் இருப்பதில்லை என்பது நம்மில் பலருக்குத் தெரிந்த சங்கதி. இங்கும் அதுவே நடந்தது.

அதே 1966இல் ஓல்ட்ஹாம் தமது பெயரிலான வாத்தியக்குழுவைக் கொண்டு ஸ்ரோன்ஸ் பாடல்களை வெளியிட்டார். அதில் 'த லாஸ்ற் ரைம்' பாடலுக்கு வாத்திய இசை அமைத்தவர் டேவிட் விற்றகர். 1997இல் வேர்வ் என்ற குழு அந்த இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து 'பிற்றர் சுவீற் சிம்பனி'யை உருவாக்கியது. உலகமெங்கும் ஒலித்த பாட்டு அது. ஸ்ரோன்ஸ் பாடல்களின் உரிமையை வைத்திருந்த அலன் கிளைன் தரப்பு தகராறு எழுப்ப, பாடலாக்க உரிமை ஜாகருக்கும் றிச்சர்ட்ஸுக்கும் என்றாயிற்று. வரிகளை எழுதிப் பாடிய றிச்சர்ட் ஆஷ்குறொவ்ற்றுக்கு அந்த வருமானம் இல்லாமற் போனது. 2019இல்தான் இருவரும் தம் பங்கை அவருக்கே விட்டுக்கொடுத்தார்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1965இல் வந்த 'த லாஸ்ற் ரைம்' பாட்டே, ஸ்ரேபிள் சிங்கேர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் அதற்கு முன் பாடிய தேவாலயப் பாட்டொன்றைத் தழுவியது.

விற்றகர் 2012இல் காலமானார். பாடலாசிரியர் பட்டியலில் அவர் பெயர் ஒருபோதும் இடம்பெறவில்லை. உரிமை பற்றிய வழக்குகள் எல்லாம் உரிமைப் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு இடையிலேயே நடந்தன. லிஃப்ற்றில் அந்த வயலின்கள் எப்போதாவது கேட்டால், இப்போது நான் அவரை நினைத்துக்கொள்வதுண்டு.