கவுன்ட்டவுனை நிறுத்தின கடல்

இன்னிக்கு எபிசோடை ஒரு படகுல இருந்து ஆரம்பிக்கலாம்.

2014 அக்டோபர் 27 சாயங்காலம். அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்தின் வாலப்ஸ் ஏவுதளம். விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோற ஆன்டாரிஸ் ராக்கெட் தயாரா நிக்குது. கிளம்பறதுக்கு இருந்தது வெறும் 10 நிமிஷ அவகாசம். அந்த நேரம் பார்த்து, கடல்ல ஆபத்துப் பகுதின்னு அறிவிச்ச இடத்துக்குள்ள ஒரு பாய்மரப் படகு. அவ்வளவுதான், அன்னிக்கு ராக்கெட் போகல.

மறுநாள் ஏவினாங்க. சில விநாடிகள்லயே வெடிச்சு, ஏவுதளத்துக்குப் பக்கத்துலயே விழுந்துச்சு. நல்லவேளை, யாருக்கும் அடிபடல.

படகு இருந்தது கரையில இருந்து ரொம்ப தூரத்துல. முந்தின நாளே ராக்கெட் வெடிச்சிருந்தாலும் அதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. அப்புறம் ஏன் நிறுத்தினாங்க? ராக்கெட் ஒழுங்கா போனாலும், எரிஞ்சு முடிஞ்ச முதல் அடுக்கு கடல்லதான் விழணும். வழியில கோளாறுன்னா எங்க விழும்னு யாருக்கும் தெரியாது. ஒரு ஏவுதலால பொதுமக்கள்ல ஒருத்தர் சாகவோ படுகாயம் அடையவோ உள்ள வாய்ப்பு பத்து லட்சத்துல ஒண்ணைத் தாண்டக் கூடாதுங்கறது அமெரிக்க விதி. கடல்ல கோடு போடறது இந்தக் கணக்கை வச்சுத்தான்.

இதைப் படிச்சப்ப எனக்கு அந்தப் படகுக்காரர் மேலதான் கோவம் வந்துச்சு. அறிவிப்பைப் பார்க்கத் தெரியாதா? சாஃப்ட்வேர்காரன் புத்தி, எல்லாத்துக்கும் யூசர் மேலயே பழி. ஜப்பான் கதையைப் படிச்சதும் அந்தக் கோவம் கொஞ்சம் இறங்குச்சு.

1966, 67-ல ஜப்பான் உச்சினோராவுல இருந்து செயற்கைக்கோள் அனுப்ப மூணு தடவை முயற்சி பண்ணுச்சு. மூணும் தோல்வி. அதுக்கப்புறம் அவங்களை நிறுத்தினது தொழில்நுட்பம் இல்ல, மீனவர்கள். ராக்கெட் போற திசையில இருக்கற கடல்லதான் அவங்களுக்குப் பிழைப்பு. மீன் வர்ற பருவத்துல கடலுக்குப் போகாதன்னா, அந்த வருஷ வருமானமே போச்சு. எதிர்ப்பு பலமா இருந்ததால, 1967 ஏப்ரல்ல இருந்து சுமார் ஒன்றரை வருஷம் ராக்கெட் ஏவறதே நின்னுபோச்சு.

பேசி, ஒத்துக்கிட்டு, திரும்ப ஆரம்பிச்சாங்க. நாலாவது முயற்சியும் தோத்துச்சு. அஞ்சாவதுல, 1970 பிப்ரவரி 11 அன்னிக்கு, ஓசுமி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போச்சு. சொந்த ராக்கெட்ல செயற்கைக்கோள் அனுப்பின நாலாவது நாடு ஜப்பான்.

ஆனா அந்தப் பேச்சுவார்த்தை அதோட முடியல. தனேகாஷிமா ஏவுதளத்துல வருஷத்துல குறிப்பிட்ட நாட்கள்லதான் ஏவலாம்னு மீனவர் கூட்டுறவுச் சங்கங்களோட ஒப்பந்தம். முதல்ல 90 நாள், அப்புறம் படிப்படியா 190 நாள். வருஷம் முழுக்க ஏவலாம்னு ஆனது 2011-லதான். விஞ்ஞானிகளுக்கு இது பெரிய தலைவலிதான். இருந்தாலும், ராக்கெட் அட்டவணையை மீன்பிடிப் பருவத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டு, அந்த நாடு விண்வெளியில ஒண்ணும் பின்தங்கிடல.

ரெண்டு கதையிலயும் கடல்ல ஒரு கோடு இருக்கு. முதல் கதையில அந்தக் கோடு ஓர் அறிவிப்பு. ரெண்டாவதுல அது ஒரு பேச்சுவார்த்தையோட முடிவு. பாதுகாப்புன்னா ரெண்டும் வேணும். அறிவிப்பு மட்டும் இருந்தா, கோட்டுக்கு வெளிய நிக்கறவங்க இழக்கற ஒருநாள் கூலி எந்தக் கணக்குலயும் வராது.

இதை இப்ப பேசக் காரணம் இருக்கு. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்துல 2024 பிப்ரவரி 28 அன்னிக்குப் புது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து தெற்கே போற ராக்கெட் இலங்கையைச் சுத்தி வளைஞ்சு போகணும், எரிபொருள் வீணாகும். குலசையில இருந்து நேரா தெற்கே போயிடலாம். அந்த நேர் தெற்கு, நம்ம ஊர் மீனவர்களோட கடல்.

அங்க முதல் கவுன்ட்டவுன் ஓடறப்ப, நீங்களும் நானும் போன்ல லைவ் பார்ப்போம். திரையில ராக்கெட் மட்டும்தான் தெரியும். அன்னிக்குக் கரையில நிக்கற படகுகளையும் கொஞ்சம் நெனைச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.