தலவாக்கலைத் தோட்டங்களும் உள்ளூர்ப் பொதுநிதியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகம் தனக்கு வேண்டிய பாதையையோ குடிநீர்க் குழாயையோ வாசிகசாலையையோ அமைக்க முற்படும்போது, அதற்கான பணத்தை எங்கிருந்து பெறுவது என்ற வினா முதலில் எழுகின்றது. கிராமத்தவர் அவ்வினாவுடன் உள்ளூராட்சி மன்றத்துக்குச் சென்றனர். தோட்டத்தவரோ நெடுங்காலம் துரையின் அலுவலக வாசலிலேயே நின்றனர். இவ்வேறுபாட்டுக்கு நிதிப் பற்றாக்குறை மட்டும் காரணமன்று. ‘உள்ளூர் மக்கள்’ என்று சட்டம் யாரைக் கருதியது என்பதே அடிப்படைக் காரணமாகும்.

குடியேற்ற ஆட்சிக் காலக் கிராமச் சங்கச் சட்டங்கள் இந்தியத் தோட்டத் தொழிலாளரைத் தம் வாக்காளராக ஏற்கவில்லை. 1930களின் பிற்பகுதியில் அச்சட்டம் திருத்தப்பட்டபோது ஐரோப்பியர், பறங்கியர் ஆகியோர் மீதிருந்த விலக்கு நீங்கியது; தொழிலாளர் மீதிருந்த விலக்கு நீங்கவில்லை. இந்திய அரசு ஆட்சேபித்த பின்னர் இனப்பெயர் அகற்றப்பட்டு, தோட்டங்களில் வதியும் தொழிலாளர் என்ற பொதுவரையறை இடம்பெற்றது. சொல் மாறியதேயன்றி விளைவு மாறவில்லை.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டமும், அதைத் தொடர்ந்து 1949இல் செய்யப்பட்ட தேர்தற் சட்டத் திருத்தமும் அவ்வாய்ப்பை அடைத்துவிட்டன. 1952 முதல் 1977 வரை மலையகத் தமிழர் பிரதிநிதி எவரும் தேர்தல் வழியாகப் பாராளுமன்றம் செல்லவில்லை. தொகுதி அடிப்படையில் சிறு அபிவிருத்தி வேலைகளுக்குப் பணம் ஒதுக்கும் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் 1974இல் தொடங்கியதும் இக்காலப்பகுதியிலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது. வாக்கற்றவரின் தேவை இத்தகைய ஒதுக்கீட்டில் முன்னுரிமை பெறுதல் அரிது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் மற்றொரு தடையாயிற்று. பொதுவசதிகள் பற்றிய அதன் 33ஆம் பிரிவு கிராமங்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட அதில் இடமில்லை என்றே பொருள்கொள்ளப்பட்டது. தலவாக்கலை நகரம் தலவாக்கலை–லிந்துலை நகரசபைக்குள் அடங்கும். நகரைச் சூழ்ந்த தோட்டங்களோ பெரும்பாலும் பிரதேச சபை எல்லைக்குள் வருவன. ஆகவே கடைத்தெருவைக் கடந்து தேயிலை மலையில் ஏறும் ஒருவர், பொதுநிதி எட்டாத ஒரு நிலப்பரப்பினுள் நுழைந்தவரானார்.

இவ்வெற்றிடத்தை மூன்று வழிகள் ஓரளவு நிரப்பின. முதலாவது, கோயிலுக்கும் மரணச் சடங்குக்கும் தொழிலாளர் தம் சம்பளத்திலிருந்து கொடுத்த சந்தா. இரண்டாவது, நிர்வாகத்தின் தயவு. மூன்றாவது, வெளிநாட்டு நன்கொடை: 1980களில் நெதர்லாந்து, நோர்வே ஆகிய நாடுகளின் உதவியுடன் தோட்டச் சமூகநலத் திட்டங்கள் நடைபெற்றன. தோட்ட முகாமை கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட 1992இல் தோன்றி, பின்னர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பெயர்பெற்ற அமைப்பு இத்தகைய பணிகளுக்கு நிறுவன வடிவம் தந்தது. இவற்றால் விளைந்த நன்மையை மறுத்தற்கில்லை. எனினும் நன்கொடை பெறுவோர் அதற்குக் கணக்குக் கேட்பது அரிது. தேர்ந்தெடுத்த சபையிடம் வாக்காளர் கேட்கலாம். இவ்விரண்டுக்கும் இடையிலான தூரமே பயனாளிக்கும் குடிமகனுக்கும் இடையிலான தூரம்.

33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பெரும் பிரதேச சபைகளும் ஆறாகப் பிரிந்து தேர்தலைச் சந்தித்தன. மக்கள்தொகைக்கு ஏற்ற சபைகள் வேண்டும் என்ற நெடுநாட் கோரிக்கையின் பயன் இது. ஆயினும் தோட்டக் காணி அரசுக்கு உரியதாயும் கம்பனிகளின் குத்தகையிலும் இருக்கும்வரை, சபையில் நிதி பெற்றவரும் இடம் வேண்டி நிர்வாகத்திடம் செல்லவே நேரும். பணத்துக்கான வாசல் திறந்துள்ளது. நிலத்துக்கான வாசல் இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை. தோட்டத்து வாசிகசாலைக்கு உதவி கோரும் விண்ணப்பம் எளிய தாளாகத் தோன்றலாம். வரலாற்று நோக்கில் அது, தாமும் இவ்வூரவரே என ஒரு சமூகம் எழுத்தில் பதியும் உரிமைச் சாசனமாகும்.