ஜெபக் குறிப்பின் மொழி: ரோலாத் தமிழ்க் கிறிஸ்தவரின் அன்றாடப் பேச்சு

ஷார்ஜாவின் ரோலாப் பகுதியில் வாழும் தமிழரிடையே நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவர்களும் உண்டு. கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், ஆர்மீனிய, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் ஆலயங்கள் அருகருகே நிற்கும் யர்மூக், ஷார்ஜாவின் கிறிஸ்தவ வழிபாட்டு மையம். இம்மக்களின் பேச்சில் ஊறிக் கிடக்கும் வேதாகம நடையைப் ‘பாதிரித் தமிழ்’ என்று ஒதுக்குவது நம் ஆய்வுலகில் வழக்கம். ஆனால் ஒருவர் தம் இல்லாமையை மானம் குறையாமல் எடுத்துச் சொல்ல இந்த நடையே வழிசெய்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதன் வேர் பழையது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715-இல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் தொடங்கிய மொழிபெயர்ப்பு மரபு, பவர் குழுவினர் 1871-இல் வெளியிட்ட வேதாகமத்தில் நிலைபெற்றது. கிருபை, சித்தம், ஊழியம் முதலிய சொற்கள் அம்மரபின் வழியே சீர்திருத்தச் சபையாரின் வீட்டுப் பேச்சுக்கு வந்தன. கத்தோலிக்கரோ இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் ‘திருப்பலி’ என்று எழுதினாலும், வீட்டில் ‘பூசைக்குப் போயாச்சா?’ என்றே கேட்கின்றனர். குருவானவரை ‘ஐயர்’ என்றால் நெல்லைச் சி.எஸ்.ஐ., ‘பாஸ்டர்’ என்றால் பெந்தெகொஸ்தே, ‘ஃபாதர்’ என்றால் கத்தோலிக்கர் என்று கேட்பவர் பெரும்பாலும் ஊகித்துவிடுவார்.

ஜெபத்தில் கடவுளை ‘நீர்’ என்றே அழைக்கிறார்கள். ‘தாரும்’, ‘இரங்கும்’ என்றே வேண்டுகிறார்கள். நெல்லையில் ‘எப்ப வந்தீரு?’ என்று பெரியவர்கள் தம்முள் பேசுவதில் இவ்வடிவம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலம் பேசும் மார்மன் சபையினரும், அன்றாடப் பேச்சில் வழக்கொழிந்த ‘தீ’, ‘தவ்’ என்னும் முன்னிலைச் சொற்களால் ஜெபிக்கும்படி கற்பிக்கப்படுகிறார்கள். ‘பிரதர்’, ‘சிஸ்டர்’ என்ற விளியும் இரு சாராருக்கும் பொது. வழிபாட்டுக்கெனத் தனிநடை பேணுவது தமிழ்க் கிறிஸ்தவருக்கு மட்டும் உரிய விநோதம் அன்று.

வளைகுடாவில் இந்நடைக்குப் புதிய வேலை ஒன்று சேர்ந்தது. இங்கே பெரும்பாலோருக்கு வதிவிட உரிமை வேலையோடு பிணைந்தது. வேலை போய் விசா கேன்சலானால், குறித்த காலத்துக்குள் வேறு வேலை தேட வேண்டும். இல்லையேல் ஊர் திரும்ப வேண்டும். கடன் வாங்கி வந்தவர் இதை ஊரில் சொல்ல மாட்டார். அறைத் தோழரிடமும் தயங்குவார். ஆராதனையிலோ, ‘வேலையில்லாமல் இருக்கிற ஒரு சகோதரனுக்காகப் பாரத்தோடு ஜெபிப்போம்’ என்று குறிப்பு வாசிக்கப்படும். பெயர் சொல்லப்படுவதில்லை. ஆராதனை முடிந்ததும் வாசலில் யாராவது மெல்ல, ‘தம்பி, சிவி இருக்கா? அனுப்பி விடுங்க’ என்பார். கேட்டவரின் முகம் வாடாமல் உதவி வந்து சேர்கிறது.

இந்த வாய்பாடுகள் துயரை மூடி மறைக்கின்றன என்ற எதிர்வாதம் உண்டு. ‘எப்படியிருக்கீங்க?’ என்றால் ‘கர்த்தர் நடத்துகிறார்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடலாம். அடிபட்ட பெண்ணுக்கு ‘பொறுமையாயிருங்க சிஸ்டர், ஜெபிக்கிறோம்’ என்ற பதில் மட்டும் கிடைத்தால் அது அநீதியே. ஆனால் குற்றம், கேட்ட பின்னும் கைகொடுக்காதவரைச் சாரும். பழகிய செவி ‘கர்த்தர் நடத்துகிறார்’ என்ற பதிலின் தொனியிலேயே நெருக்கடியை உணர்ந்து அடுத்த கேள்வியைக் கேட்கும்.

2022 ஜனவரியில் அமீரகத்தின் வார விடுமுறை மாறும்வரை வெள்ளிக்கிழமையே இங்கே பெரிய ஆராதனை நாள். பிள்ளைகளுக்கு ‘சண்டே ஸ்கூல்’ நடந்ததும் அன்றுதான். அப்படி வளர்ந்தவர்களில் பலர் வீட்டில் ஆங்கிலம் பேசினாலும், சாப்பாட்டுக்கு முன் ‘இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும்’ என்று தமிழில் ஜெபிக்கிறார்கள். அவர்களிடம் எஞ்சிய தமிழ் ஒருவேளை இது மட்டுமாக இருக்கலாம். தமிழ்ப் பல்கலைக்கழகங்களின் மொழியியல் துறைகள் புலம்பெயர் தமிழை ஆராயும்போது ஆலய வளாகத்துப் பேச்சையும் ஒலிப்பதிவு செய்து தொகுக்க வேண்டும். முதல் தலைமுறையினர் ஓய்வுபெற்று ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள், இனியும் தாமதிக்கலாகாது.