மும்மடியக் கெளிறு உண்மையிலேயே பெரிதாக வளருமா?

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கெளிறு என்றால் பலருக்கும் கடல் மீன்தான் நினைவுக்கு வரும். வன்னிக் குளங்களோடு வாழ்ந்தவர்களுக்குச் சுங்கானும் தெரியும். அதன் முள் குத்தினால் வரும் கடுப்பும் தெரியும். சுங்கானும் கெளிற்று இனம்தான். இவ்வகை மீன்களை மலடாக்கி வளர்த்தால் எடை கூடும் என்ற கருத்து நீண்டகாலமாக உண்டு. மீள்குடியேறி, கடன் எடுத்து மீன்குளம் வெட்ட நினைக்கும் குடும்பம் இந்தக் கணக்கை முதலில் அறிந்திருக்க வேண்டும்.

என்ன வேறுபாடு?

சாதாரண மீனின் கலங்களில் நிறமூர்த்தங்கள் இரண்டு தொகுதிகளாக இருக்கும். இது இருமடியம். கருக்கட்டிய முட்டையைச் சில நிமிடங்களுக்குள் கடுங்குளிர் நீரில் வைத்தெடுத்தால், வெளியேற வேண்டிய ஒரு தொகுதி உள்ளேயே தங்கிவிடும். இது மும்மடியம். ஆபிரிக்கக் கெளிற்றில் 56 நிறமூர்த்தங்கள் 84 ஆகின்றன. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் சுங்கானிலும் இதைச் செய்தார்கள். இத்தகைய மீன்கள் இனம் பெருக்குவதில்லை. ஆனால் குளிர் அதிர்ச்சியில் முட்டைகளில் ஒரு பகுதி அழிந்துவிடும்.

எடை கூடுமா?

1982இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மும்மடிய சனல் கெளிறுகள் 8 மாத வயதில் எடை கூடியிருந்தன. 1987இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஆபிரிக்கக் கெளிற்றின் வளர்ச்சியில் அப்படியான முன்னிலை தெரியவில்லை. சினைக்குச் செலவாகும் சக்தி மிச்சமாவதே மும்மடியத்தின் ஆதாயம். முதிர்ச்சிக்கு முன்பே விற்கும் மீனில் அந்த மிச்சம் சிறியது.

எப்படி ஒப்பிடுவது?

ஒரே வயது, ஒரே தீன், ஒரே நெருக்கம் இருக்க வேண்டும். சினை பிடித்த இருமடியப் பெண் மீன் தராசில் கனமாகத் தெரியும். ஆகவே குடல், சினை நீக்கிய எடையையும் பார்க்க வேண்டும். எடையை (கிராம்) 100ஆல் பெருக்கி, நீளத்தின் (சென்ரிமீற்றர்) மும்மடங்குப் பெருக்கத்தால் வகுத்தால் உடற்கட்டுச் சுட்டி கிடைக்கும். 30 சென்ரிமீற்றர் மீன் 270 கிராம் என்றால் சுட்டி 1. 216 கிராம் என்றால் 0.8, அதாவது மெலிந்த மீன். கண்ணால் பார்த்து மும்மடியத்தைப் பிரித்தறிய முடியாது. செங்குழியத்தின் கருவை அளந்தோ நிறமூர்த்தங்களை எண்ணியோதான் உறுதிசெய்யலாம்.

மலட்டுத்தன்மையின் பெறுமதி

அலங்கார மீனாக வந்த டாங்க் கிளீனரும் கெளிற்று இனமே. அது இன்று இலங்கை நீர்த்தேக்கங்களில் பெருகிக் கிடக்கிறது. இனம் பெருக்காத மீன் தப்பினால் அந்த ஆபத்து குறைவு. குளத்தை நம்பிய மீனவருக்கு எடையைவிட இதுவே பெரிய பாதுகாப்பு. எனினும் அதிர்ச்சி கொடுத்த எல்லா முட்டையும் மும்மடியமாவதில்லை.

ஆகவே குஞ்சு வாங்குமுன் எந்த இனம், எந்த வயதில் அளந்த எடை, யார் பரிசோதித்தது என்று கேளுங்கள். வெளிநாட்டு இனமென்றால் நெக்டா அலுவலகத்தில் விசாரித்த பின்னரே குளத்தில் விடுங்கள்.