லிக்கர்ட் அளவுகோலும் விடைக்குறிகளின் வரலாறும்

கருத்தாய்வில் ஒரு கூற்றைத் தந்து, அதை ஒருவர் எந்த அளவுக்கு ஏற்கிறார் அல்லது மறுக்கிறார் என்று அறிய உதவும் தர வரிசை லிக்கர்ட் அளவுகோல் எனப்படும். இதன் விடைகள் கணினியில் 1 முதல் 5 வரையான எண்களாகச் சேமிக்கப்படுவது வழக்கம். ஒவ்வோர் எண்ணின் பொருளையும் உணர்த்தும் சொல்லே விடைக்குறி.

தோற்றம்

1928-இல் அமெரிக்க உளவியலாளர் தர்ஸ்டன் மனப்பான்மையை அளக்க ஒரு முறை வகுத்தார். அதில் கூற்றுகளைத் தரப்படுத்த நடுவர்கள் பலர் தேவைப்பட்டனர். 1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட் நடுவர்களை விலக்கி, விடைகளுக்கே 1 முதல் 5 வரை மதிப்பெண் தந்தார். எதிர்மறைக் கூற்றுகளுக்கு மதிப்பெண் வரிசை தலைகீழாக்கப்பட்டது. இவை வரிசையைக் காட்டும் எண்களா, சம இடைவெளி கொண்ட எண்களா என்பது பின்னர் விவாதமானது. 1946-இல் ஸ்டீவன்ஸ் அளவைகளைப் பெயர், வரிசை, இடைவெளி, விகிதம் என நான்காகப் பிரித்தது இவ்விவாதத்திற்கு அடிப்படையாயிற்று.

கணினியில் விடைக்குறிகள்

எண்பது நிரல்கள் கொண்ட துளை அட்டையில் ஒரு விடைக்கு ஓர் இலக்கமே சிக்கனமானது. எண்ணின் பொருள் தனியே ஒரு குறியீட்டு ஏட்டில் இருந்தது. அந்த ஏடு தொலைந்தால் 1 என்பது முழு ஏற்பா, முழு மறுப்பா என்று அறிய வழியில்லை. 1968-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நார்மன் நை, ஹல், பெண்ட் ஆகியோர் உருவாக்கிய எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில், எண்ணுக்குரிய சொல்லையும் தரவோடு இணைத்துவைக்கும் கட்டளை இடம்பெற்றது.

பெல் ஆய்வகத்தில் 1976-இல் தொடங்கிய எஸ் மொழியைப் பின்பற்றி, 1990-களில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இஹாகா, ஜென்டில்மேன் இருவரும் ஆர் மொழியை உருவாக்கினர். இதில் வகைப்பட்ட விடைகளை வைப்பதற்குரிய அமைப்பு ‘ஃபேக்டர்’ ஆகும்.

கவனிக்க வேண்டியவை

* நிலைகளின் வரிசையைக் குறிப்பிடாவிட்டால், ஃபேக்டர் சொற்களை அகர வரிசையில் அடுக்கும். ஆங்கில விடைகள் ஏற்கிறேன், மறுக்கிறேன், நடுநிலை, முழுதும் ஏற்கிறேன், முழுதும் மறுக்கிறேன் என நிற்கும். இவற்றை எண்ணாக்கினால் ‘மறுக்கிறேன்’ 2-ஆகவும், ‘முழுதும் ஏற்கிறேன்’ 4-ஆகவும் மாறும். கணினி பிழை எதையும் காட்டாது.
* ஒருவரும் தேர்ந்தெடுக்காத விடை, நிலைகளைக் குறிப்பிடாதபோது அட்டவணையிலிருந்தே மறைந்துவிடும்.
* விடையளிக்காதவருக்கு இட்ட 9 என்ற எண்ணை நீக்காவிட்டால் அது சராசரியை உயர்த்திவிடும்.
* இருவர் 1, இருவர் 5 எனச் சொன்னால் சராசரி 3. ஆனால் நால்வரில் எவரும் நடுநிலையாளர் அல்லர். எனவே ஒவ்வொரு விடைக்கும் உரிய எண்ணிக்கையையும் சேர்த்துத் தருவது நல்லது.

விடைக்குறி மாறினால், மக்கள் மறுத்த ஒன்று அவர்கள் ஏற்றதாகப் பதிவாகிவிடும். ஆகவே கணக்கிடுவதற்கு முன் விடைக்குறிகளை மூல வினாத்தாளோடு ஒப்பிடுவது இன்றியமையாதது.