இடம் மாறிய ஆபத்து: நங்கூரம் கையாளும் கப்பல்களில் உழைப்பும் பாதுகாப்பும், 1947–2020

கடலில் எண்ணெய் தேடித் துளையிடும் மிதவைத்தளம் தன் நங்கூரங்களைத் தானே போட்டுக்கொள்ள முடியாது. சாதாரணமாக அதற்கு எட்டு நங்கூரங்கள் தேவை. ஒவ்வொன்றும் பத்து டன்னுக்கு மேல் இருக்கும். அவற்றைத் தளத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தொலைவுக்கு எடுத்துச் சென்று, குறித்த திசையில், குறித்த இடத்தில் கடலடியில் இறக்க வேண்டும். துளையிடல் முடிந்ததும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மீண்டும் தளத்திடம் ஒப்படைக்க வேண்டும். பிறகு தளத்தையே அடுத்த இடத்துக்கு இழுத்துச் செல்ல வேண்டும். இத்தனையையும் செய்வது நங்கூரம் கையாளும் கப்பல். கடலடி எண்ணெயின் வரலாறு பெரும்பாலும் துளைத்தளங்களின் வரலாறாகவும் விலைகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டிருக்கிறது. தளத்தை நிலைநிறுத்திய மாலுமிகள் அதில் ஓரமாகவே வந்து போகிறார்கள்.

மெக்ஸிகோ வளைகுடாவில் பிறந்து வடகடலில் முதிர்ந்த இத்தொழிலை இக்கட்டுரை ஒரே கேள்வியோடு அணுகுகிறது. கருவிகள் தலைமுறைக்குத் தலைமுறை மேம்பட்டபோதும் இந்த வேலையில் உயிர்கள் ஏன் தொடர்ந்து போயின? இயந்திரங்கள் மேல்தட்டில் நின்றவரின் கைக்கருகே இருந்த ஆபத்தை அகற்றின என்பதும், அப்படி அகன்ற ஆபத்து கப்பலின் சமநிலைக்குள் குடியேறியது என்பதும் என் வாதம். முதல் வகை ஆபத்தைக் கண்ணால் பார்க்கலாம். அதற்குத் தீர்வாகக் கருவிகள் வந்தன. இரண்டாவதற்குக் கணக்கு தேவை. அந்தக் கணக்கை யாரும் கேட்காமலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தன.

மீனவர் கைக்கு வந்த வேலை

1947 அக்டோபரில் லூசியானா கரையிலிருந்து பதினாறு, பதினேழு கிலோமீட்டர் தொலைவில் கெர்-மக்கீ நிறுவனம் தோண்டிய கிணற்றில் எண்ணெய் கிடைத்தது. கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் பயன்தந்த முதல் கிணறு அது. ஆனால் அங்கே கடலின் ஆழம் வெறும் ஆறு மீட்டர்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து கழிக்கப்பட்ட கடற்படைப் படகுகளும் தோணிகளும் ஆளையும் சரக்கையும் ஏற்றிச்சென்றன. இறால் படகுகளில் பழகிய உள்ளூர் மீனவர்களும் இந்த வேலைக்கு வந்தார்கள். ஆழம் குறைவு என்பதால் தளங்கள் தரையில் ஊன்றி நின்றன. நங்கூரம் பெரிய சிக்கலாக இருக்கவில்லை.

1950களின் நடுவில் தொடங்கப்பட்ட டைட்வாட்டர் நிறுவனம் இத்தொழிலுக்கென்றே ஒரு கப்பலைக் கட்டியது. அதன் பெயர் 'எப் டைட்'. ஆல்டன் லபோர்ட் என்ற பொறியாளர் இதற்கு முன்னின்றார். மாலுமிகளின் அறைகளையும் சுக்கானறையையும் முன்னால் அணியத்தில் ஒடுக்கிவிட்டு, பின்பாதி முழுவதையும் தட்டையான திறந்த மேல்தட்டாக விட்டதே அதன் சிறப்பு. குழாய்களை அடுக்க வசதியான இந்த அமைப்பு இன்றுவரை மாறவில்லை. கப்பலின் பின்முனையான அமரம் நீர்மட்டத்துக்கு மிக அருகில் தாழ்ந்திருக்கும். சரக்கு இறக்க அது வசதி. பின்னாளில் அதே தாழ்ந்த தட்டில்தான் ஆட்கள் அலைக்கு முதுகைக் காட்டியபடி கம்பி வடத்தோடு மல்லுக்கட்டினார்கள்.

1960களின் தொடக்கத்தில் ஷெல் நிறுவனத்தின் 'ப்ளூ வாட்டர் 1' வந்தது. தரையில் ஊன்றாமல், பாதி மூழ்கிய நிலையில் மிதந்தபடியே துளையிடும் தளம் அது. மிதப்பதைப் பிடித்து நிறுத்த நங்கூரம் வேண்டும். நங்கூரம் கையாளும் தொழில் தனித்தொழிலாகப் பிறந்தது அப்போதுதான் என்று சொல்லலாம்.

வடகடலின் குளிர்

வளைகுடாவில் உருவான கப்பல்கள் 1960களின் நடுவில் வடகடலுக்கு வந்தபோது அவற்றின் குறைகள் வெளிப்பட்டன. பிரிட்டன் 1964இல் தன் கண்டத்திட்டுச் சட்டத்தை இயற்றியது. நார்வே 1965இல் முதல் உரிமங்களை வழங்கியது. 1969இல் எகோஃபிஸ்க் வயல் கண்டறியப்பட்டது. வடகடலின் பனிக்கால அலைகளுக்கு முன்னால் வளைகுடாவின் தாழ்ந்த கப்பல்கள் தடுமாறின.

அதே ஆண்டுகளில் நார்வேயின் மேற்குக் கரையில் ஹெர்ரிங் மீன்வளம் அளவு மீறிய பிடிப்பால் சரிந்தது. சுன்மோரே பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கப்பல் இருந்தது, கடலறிவு இருந்தது, பிடிக்க மீன்தான் இல்லை. எண்ணெய்த்துறை அவர்களை உள்வாங்கிக்கொண்டது. பிரிட்டனிலும் ஐஸ்லாந்துடனான மீன்பிடித் தகராறு 1976இல் முடிவுக்கு வந்தபின் தொலைக்கடல் இழுவைமடிப் படகுகள் பல தொழிலிழந்து, துளைத்தளங்களுக்குக் காவல் நிற்கும் கப்பல்களாயின. மடி இழுத்தவருக்கு, வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சும் கம்பி வடமும் புதிதல்ல. வடம் எப்போது அறும் என்பதை அது எழுப்பும் ஒலியிலேயே கேட்டறியக்கூடியவர்கள் அவர்கள். இந்தத் திறமையை எந்தப் பயிற்சிப் பள்ளியும் கொடுத்ததில்லை; எண்ணெய்த்துறை அதை விலையில்லாமல் பெற்றுக்கொண்டது என்பதே என் கணிப்பு.

அக்காலத்து வேலைமுறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நங்கூரத்தின் தலையிலும் ஒரு கம்பி வடம் கட்டி, அதன் மறுமுனையில் ஒரு மிதவையைக் கடல்மேல் விட்டிருப்பார்கள். நங்கூரத்தை எடுக்கக் கப்பல் பின்னோக்கி மிதவையை நெருங்கும். இரண்டு மூன்று பேர் அமரத்தின் விளிம்பில் நின்று, வடத்தாலான சுருக்கை வீசி மிதவையைப் பிடிப்பார்கள். அது பல டன் எடையுள்ள இரும்புப் பீப்பாய். அமரத்தின் விளிம்பிலுள்ள உருளைமீது ஏற்றிய மிதவை அலைக்கு மேல்தட்டில் உருளும். அதன் வடத்தைக் கழற்றி வின்ச்சின் வடத்தோடு இணைக்க வேண்டும். அந்த நேரத்தில் நங்கூரத்தின் முழுச் சுமையையும் ஒரு சங்கிலித் துண்டும், பெலிக்கன் ஹூக் என்ற கொக்கியும் மட்டும் பிடித்திருக்கும். கொக்கியை விடுவிக்க ஒருவர் சம்மட்டியால் அடிப்பார். அடித்த கணமே விலகியாக வேண்டும். அறுந்த வடம் மேல்தட்டைத் துடைத்துக்கொண்டு போகும்போது அதன் வழியில் நின்றவரின் கால் தப்புவது அரிது. ஆறு மணி நேர வேலை, ஆறு மணி நேர ஓய்வு என்ற முறை. நங்கூர வேலை தொடங்கிவிட்டால் அந்தக் கணக்கும் குலையும்.

இந்த நிலையை மாற்றியவை இரண்டு கருவிகள். ஒன்று, மேல்தட்டின் பின்விளிம்பில் பதிக்கப்பட்டு நீரழுத்தத்தால் எழும்பிக் கம்பியையும் சங்கிலியையும் கவ்வும் இரும்புத் தாடை. மாலுமிகள் அதை ஷார்க் ஜா என்பார்கள். அதனருகே, சங்கிலி பக்கவாட்டில் நழுவாதபடி காக்க, மேலெழும்பி நிற்கும் இரும்பு முளைகள். இரண்டையும் தொலைவிலிருந்தே ஒரு நெம்புகோலால் இயக்கலாம், சம்மட்டிக்காரர் தேவையில்லை. மற்றொன்று, மிதவைக்குப் பதிலாக நங்கூரச் சங்கிலியைச் சுற்றிக் கோத்த வளையம். அதன் வடம் தளத்திலேயே தொங்கும். தளத்தின் கிரேன் அதை இறக்கித் தர, கப்பல் வாங்கிக்கொண்டு சங்கிலி நெடுக வளையத்தை இழுத்துச் சென்றால் நங்கூரத்தை எட்டிவிடும். அலையில் சுருக்கு வீசும் வேலை இதனால் பெருமளவு ஒழிந்தது. இதே காலத்தில், 1970களின் நடுவில், நார்வேயின் உல்ஸ்டைன் நிறுவனம் வெளியிட்ட யூடி 704 என்ற வடிவமைப்பு உலகெங்கும் பல்கிப் பெருகியது. சரக்கு, இழுவை, நங்கூரம் மூன்றையும் ஒரே உடலில் அது செய்தது.

இக்கருவிகள் எத்தனையோ கைகளையும் கால்களையும் காப்பாற்றியிருக்கும். அதை நன்றியோடு பதிவு செய்ய வேண்டும். ஆனால் 1970களின் வேகத்தை மறக்கக் கூடாது. பிரிட்டன் தன் கடன்நெருக்கடியிலிருந்து மீள எண்ணெய் வருமானத்தை எதிர்பார்த்து நின்ற காலம் அது. அந்த அவசரமே பாதுகாப்பைப் பின்னுக்குத் தள்ளியது என்று டபிள்யூ. ஜி. கார்சன் 1982இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். கடலடித் துறையின் விபத்துகள் கடலின் கொடுமையால் மட்டும் வந்தவை என்ற எண்ணத்தை அவர் மறுத்தார். நிலத்தில் எவரும் அறிந்த சாதாரணக் கவனக்குறைவுகளே கடலிலும் பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் என்றார். அவர் ஆராய்ந்தது முக்கியமாகத் தளங்களை. கப்பல்களுக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து.

எடுத்துக்காட்டாக, 1982 பிப்ரவரி 15 அன்று நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் 'ஓஷன் ரேஞ்சர்' தளம் மூழ்கியது. காவல் நின்ற 'சீஃபோர்த் ஹைலேண்டர்' கப்பல் புயலினூடே ஒரு உயிர்காப்புப் படகைக் கண்டுபிடித்து நெருங்கியது. கப்பலருகே வந்த அந்தப் படகு கவிழ்ந்தது. உறையும் நீரில் கிடந்தவர்கள் எறிந்த கயிற்றைப் பற்ற முடியாத அளவு விறைத்துப்போயிருந்தார்கள். தளத்திலிருந்த 84 பேரும் மாண்டனர். பல டன் இரும்பைத் தூக்கும் கப்பலில், நீரிலிருந்து ஒரு மனிதனைத் தூக்கும் கருவி இருக்கவில்லை.

ஆழமும் சங்கிலியும்

எண்ணெய் தேடல் ஷெட்லாந்து தீவுகளின் மேற்கே ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கு நகர்ந்தபோது சங்கிலியின் கணக்கு மாறியது. 76 மில்லிமீட்டர் பருமனுள்ள சங்கிலி, மீட்டருக்கு ஏறத்தாழ 126 கிலோ. ஆயிரம் மீட்டர் என்றால் 126 டன். நீரில் மூழ்கும்போது சற்றுக் குறையும். இந்தப் பாரம் முழுவதும் அமரத்தின் உருளையிலிருந்து தொங்குகிறது. போதாக்குறைக்கு நீரோட்டம் சங்கிலியைப் பக்கவாட்டில் தள்ளும். பார வண்டியை நேராக இழுக்கும் மாடு சட்டென்று பக்கம் திரும்பினால் வண்டி குடைசாயும், கப்பலும் அப்படியே. சங்கிலி நடுக்கோட்டில் பின்னோக்கித் தொங்கும்வரை கப்பல் தாங்கும். அது ஒரு பக்கத்து விளிம்புக்கு நகர்ந்து, பக்கவாட்டில் இழுக்கத் தொடங்கினால் இழுவிசையே கப்பலைக் கவிழ்க்கும் விசையாகிவிடும்.

சந்தை கப்பலைத் தேர்ந்தது இழுவிசையின் டன் கணக்கைப் பார்த்து. அபர்தீனில் நாளுக்கு நாள் வாடகை மாறும் சந்தையில், எத்தனை டன் இழுக்கும் என்பதே கப்பலின் முகவரி. 2009இல் கட்டிய 'ஃபார் சாம்சன்' 423 டன்னையும், 2020இல் வந்த 'ஐலண்ட் விக்டரி' 477 டன்னையும் எட்டின. எவ்வளவு பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும் என்ற எண்ணை மட்டும் எந்த வாடகைதாரரும் கேட்கவில்லை. கப்பல் கட்டும்போது சமர்ப்பிக்கும் சமநிலைக் கணக்குகள் சரக்கேற்றிப் பயணம் செய்வதை மையமாகக் கொண்டவை. நங்கூரம் கையாளும்போது என்ன ஆகும் என்பதற்குப் பொதுவான கட்டாய அளவுகோல் இருக்கவில்லை.

எச்சரிக்கை வராமலில்லை. 2003 அக்டோபரில் நைஜீரியாவுக்கு அப்பால், குழாய் பதிக்கும் கப்பலின் நங்கூரத்தைக் கையாண்டுகொண்டிருந்த டென்மார்க் கொடியுடைய 'ஸ்டீவன்ஸ் பவர்' மூழ்கியது. கப்பலிலிருந்த 11 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. உலகம் தழுவிய விதி எதுவும் அதனால் மாறவில்லை.

2007 ஏப்ரல் 12

'போர்போன் டால்ஃபின்' 2006 அக்டோபரில் ஒப்படைக்கப்பட்ட புதுக் கப்பல். ஷெட்லாந்துக்கு மேற்கே ரோஸ்பேங்க் வயலில், ஏறத்தாழ 1,100 மீட்டர் ஆழத்தில், 'டிரான்ஸோஷன் ராதர்' தளத்தின் கடைசி நங்கூரத்தை அது எடுத்துச் சென்றுகொண்டிருந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான சங்கிலி வெளியே இறங்கியிருந்தது. காற்றும் நீரோட்டமும் கப்பலைக் குறித்த கோட்டிலிருந்து விலக்கி, பக்கத்து நங்கூரத்தின் வடத்தை நோக்கித் தள்ளின. 'ஹைலேண்ட் வேலர்' என்ற இன்னொரு கப்பல் சங்கிலியைக் கொக்கியிட்டுப் பிடித்துச் சுமையைப் பகிர முயன்றது, முடியவில்லை. சங்கிலியின் கோணத்தை மாற்ற உட்புற முளை ஒன்று இறக்கப்பட்டது. சங்கிலி இடப்புறத்து வெளிமுளைக்குத் தாவியது. கப்பல் இடப்பக்கம் சாய்ந்தது. ஒருமுறை நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து, கவிழ்ந்தது. அவசர விடுவிப்பை இயக்கியும் பயனில்லை. 15 பேரில் எட்டுப் பேர் இறந்தனர். அவர்களில் ஒருவன் கப்பல் தலைவரின் 14 வயது மகன். தந்தையின் வேலையைப் பார்த்துக் கற்க வந்தவன்.

நார்வே அரசு அமைத்த விசாரணை ஆணையம் 2008 மார்ச்சில் அறிக்கை தந்தது. இந்த வரலாற்றின் தலையாய ஆவணம் அதுவே. ஒரு மனிதரின் தவறாக விபத்தை அந்த ஆணையம் சுருக்கவில்லை. புதிய கப்பல் தலைவருக்குப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளக் கிடைத்த நேரம் ஒன்றரை மணி. கப்பல் கைக்கு வந்து இரண்டு மாதத்திலேயே எதிர்பாராத, சமநிலை குலைந்த ஒரு சம்பவம் நடந்திருந்தும் நிறுவனம் அதைத் தொடர்ந்து ஆராயவில்லை. நங்கூரத் திட்டத்தில் எந்த நிலையில் வேலையை நிறுத்த வேண்டும் என்ற வரம்புகள் போதிய தெளிவோடு இல்லை. அந்தக் கப்பலின் உண்மையான வேலைச்சூழலுக்கான சமநிலைக் கணக்கு மாலுமிகளின் கையில் இல்லை. கண்ணுக்கு எதிரே எல்லாம் சரியாக இருந்தது: தாடை கவ்வியது, வின்ச் தாங்கியது, மேல்தட்டில் யாரும் நசுங்கவில்லை. ஐம்பது ஆண்டுப் பொறியியல் கருவிகளை இவ்வளவு வலுவாக்கியதால்தான், எதுவும் அறுந்துபோகாமல் கப்பலே கவிழ்ந்தது. பழைய காலமாக இருந்தால் கம்பி முதலில் அறுந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். மேல்தட்டில் ஒருவர் மாண்டிருக்கலாம், கப்பல் மிதந்திருக்கும்.

இதன்பின் நார்வே தன் கொடியுடைய கப்பல்களுக்கு நங்கூர வேலைக்கான சமநிலைக் கணக்கைக் கட்டாயமாக்கியது. சங்கிலி எந்தக் கோணத்தில் எத்தனை டன்வரை இழுக்கலாம் என்ற அட்டவணையைச் சுக்கானறையில் வைத்திருக்க வேண்டும். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2016 நவம்பரில் தன் சமநிலை நெறித்தொகுப்பில் நங்கூரம் கையாளும் கப்பல்களுக்கென்று தனி அளவுகோல்களைச் சேர்த்தது. அவை 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

ஆனால் அந்த அளவுகோல்கள் சேர்க்கப்பட்டது நெறித்தொகுப்பின் பரிந்துரைப் பகுதியில். அதைச் சட்டமாக்குவது ஒவ்வொரு கொடி நாட்டின் விருப்பம். மேலும், முதன்மையாக அவை 2020க்குப் பின் கட்டப்படும் கப்பல்களை நோக்கியவை. இத்தகைய கப்பல் ஒன்று இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் உழைக்கும். வடகடலில் வாடகை கிடைக்காத பழைய கப்பல்கள் விலை இறங்கி, கண்காணிப்புத் தளர்ந்த கடல்களுக்குப் போகின்றன. அங்கே அவற்றில் ஏறும் மாலுமி, தன் கப்பல் எத்தனை டன் பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும் என்று கேட்டால் காட்டுவதற்கு ஓர் அட்டவணை இருக்க வேண்டும். 2020க்கு முன் கட்டிய ஒவ்வொரு கப்பலுக்கும் இந்தக் கணக்கைப் போட ஒரு கப்பல்கட்டும் பொறியாளரின் சில வார உழைப்பு போதும். அதைக் கேட்கும் சட்டத்தைக் கொடி நாடுகள் இயற்ற வேண்டும்.